கட் சொல்லாத ஒரு நிமிடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் அக்காவுக்கு வருகிற ஒரு கெட்ட கனவை, அவளைக் கேட்காமல் எடுத்து, ஒரு பேய்ப் படத்துக்குக் கொடுத்தேன். அதனால் என்ன நடந்தது என்பதை இப்போது கதையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதையும் அவளைக் கேட்காமல்தான். திருடிய பொருளையே இரண்டாவது தடவையும் திருடுகிறான் பார் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியதை முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவேன். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அவள் ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறாள் என்று அர்த்தம். இந்த வரியை எழுதுகிற இன்றைக்கு அவள் என்னோடு பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது. எனக்கு இருக்கிற ஒரே அக்கா அவள். அந்தப் பேச்சு திரும்பி வருமா என்பதுதான் எனக்கு வேண்டும். கதை நன்றாக வருகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள் இவை. அழித்துவிடலாம்தான். ஆனால் அழித்தால் நான் நல்லவன் போலத் தெரிவேன்.

"கதவு திறந்தபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்." பயமாக இருக்கிறது. பயமாக இருப்பதுதான் இதில் பிரச்சினையே. வேண்டாம்.

"என் அக்காவுக்கு நாலு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை." சத்தியமான வரி. ஆனால் அடுத்து ஒரு மாத்திரையின் பெயர் வரப்போகிறது என்பதுபோல் ஒலிக்கிறது.

"செலவுக்குப் பயந்து பேய்க்கு முகம் வைக்காமல் விட்ட படத்தைப் பற்றி உங்களுக்கு"

இதைப் பாதியில் நிறுத்தினேன். சிரிப்பு வந்தது, அதனால். ஆனால் யோசித்துப் பார்த்தால் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

3

எங்கள் டைரக்டர் அதற்கு முன்னால் மெத்தைக் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குவதை ஆறு வருடம் படம் பிடித்த மனுஷனுக்கு, தூங்க முடியாதவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கதை இதுதான். ஒரு பெண்ணுக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன. கனவில் பார்த்தவை ஒவ்வொன்றாக விழித்திருக்கும் நேரத்துக்குள் நுழைகின்றன. முதலில் ஒரு ஜோடிச் செருப்பு, அப்புறம் ஒரு வாசனை, கடைசியில் ஓர் ஆள். இரவுக் காட்சியே கிடையாது. "ராத்திரின்னா லைட் வேணும் ரைட்டர். பேய் பகல்லயே வரட்டும்" என்றார். விமர்சகர்கள் பின்னால் இதைப் புதுமை என்று சொல்லக்கூடும். நான் வசனகர்த்தா. உண்மையில், ஆள் பற்றாத இடத்திலெல்லாம் நான்தான்.

அந்தக் கடைசி ஆள் எப்படி இருப்பான் என்பதில் எங்களுக்குள் இழுபறி. நான் தீய்ந்த முகம் சொன்னேன். கண் இல்லாத முகம் சொன்னேன். டைரக்டர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்.

"முகம் வேணாம் ரைட்டர். முகம் வெச்சா மேக்கப் வேணும். மேக்கப்புக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்குச் சோறு வேணும். முகமே இல்லாம பயமுறுத்துற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கதவைத் தட்டுற சத்தம் கேக்குது. அவ போய்த் திறக்குறா. அவர் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறார். திரும்புவார் திரும்புவார்னு அவ காத்துக்கிட்டு இருக்கா. திரும்பவே மாட்டேங்கிறார்" என்றேன்.

டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இது எப்படி ரைட்டர் உங்களுக்குத் தோணுச்சு?"

தோணுச்சு, என்றேன். அந்த ஒரு சொல் போதும் என்னைப் பற்றி.

4

கனவின் சொந்தக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். (தயங்குகிறேன். இந்தப் பகுதியை மூன்று தடவை வேறு பெண்ணாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை டீச்சராக்கினேன், ஒரு தடவை அவளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன். ஒட்டவில்லை.)

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. அந்த நாட்களில் அவளுக்கு இரவு வேலை. காலையில் வந்து படுப்பாள். அத்தானுக்குப் பகலில் வேலை என்றாலும், லீவு நாளில் டிவியைச் சத்தமாக வைப்பார். போனில் கத்திப் பேசுவார். தூக்கத்துக்காகவே அவர்களுக்குள் சண்டை வரும். வேறு எதற்கும் அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை அப்படி ஒரு சண்டை. "மனுஷி தூங்க வேணாமா?" என்று அவள் கத்தியிருக்கிறாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கோபமாகச் சொன்னாரா, விட்டுக்கொடுத்துச் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுப் படுத்தாள். மதியம் கதவைத் தட்டும் சத்தம். அவர்தான். வேண்டுமென்றே எழுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தாள். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். தட்டுவது நின்றது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் நன்றாகத் தூங்கிப்போனாள்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தாள். அத்தான் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் முதலில் பார்த்தது அவருடைய முதுகைத்தான். மாரடைப்பு. உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். அதே மருத்துவமனை டாக்டர். அவருக்கு அவள்தான் தினமும் போன் இணைப்புக் கொடுப்பாள்.*

* அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தக் கதவைப் பற்றித் தெரியாது. யாருக்கும் தெரியாது. தட்டும் சத்தம் கேட்டது என்பதை அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

அதிலிருந்து கனவு. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை. பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். கனவு மாறவில்லை. தட்டும் சத்தம், கதவு, முதுகு. கனவில் அவர் பேசுவதே இல்லை. இவள் பேச வாயெடுப்பாள், விழித்துவிடுவாள்.

நான் கனவை மட்டும் எடுக்கவில்லை. அதில் ஒரு வசனத்தையும் சேர்த்தேன். படத்தில் அந்த ஆள் கடைசிவரை திரும்பாமல், மெதுவாக, "நீ தூங்கு" என்பான். கேட்டதும் டைரக்டருக்குப் புல்லரித்துவிட்டது. கையை நீட்டிக் காட்டினார்.

5

படப்பிடிப்புக்குப் பேசி வைத்திருந்த வீட்டுக்காரர், பேய்ப் படம் என்று தெரிந்ததும் மாட்டேன் என்றுவிட்டார். "அப்புறம் எவன் குடி வருவான்?" என்றார். நியாயம்தான். நான் அக்காவுக்கு போன் செய்தேன்.

"ஒரு நாளைக்கு உன் வீடு வேணும்க்கா. ஷூட்டிங்."

"என்ன படம்டா?"

"பேய்ப் படம்."

"என் வீட்டுலயா? பேய்க்கே பாவமா இருக்கும்" என்று சிரித்தாள். "நான் வேலைக்குப் போயிடுவேன். சாயங்காலம் அஞ்சு ஆகும் வர. சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க."

எந்தக் காட்சி என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எடுக்க வேண்டியது இது. கனவில் வெளியே நின்றவன் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். கதாநாயகி வெளியிலிருந்து வந்து தன் சாவியால் கதவைத் திறக்கிறாள். ஹால் இருட்டாக இருக்கிறது. நடுவில் அவன், கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கேமரா ஹாலின் உள்பக்கத்திலிருந்து கதவைப் பார்க்கிறது. அவனுடைய தோள் ஓரமாக, மங்கலாக. தூரத்தில் அவள் முகம், தெளிவாக. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடினோம். பட்டப்பகலில் வீடு இருண்டுபோயிற்று.

முதுகுக்கு ஆள் வேண்டும். எங்கள் வேன்காரர் உயரம், ஒல்லியான தோள். அவரையே நிறுத்தினோம். சிவப்பு டீஷர்ட்டில் வந்திருந்தார். வெளிர் நிறத்தில் சட்டை வேண்டும் என்றார் டைரக்டர். யாரோ எங்கிருந்தோ ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். வேன்காரரிடம் டைரக்டர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "நான் கட் சொல்ற வரைக்கும் வானமே இடிஞ்சு விழுந்தாலும் திரும்பக் கூடாது. பின்னாடி அந்தப் பொண்ணு பேசி நிறுத்துனதும் உங்க வசனம்."

எங்கள் படத்தில் படப்பிடிப்பின்போது ஒலிப்பதிவு கிடையாது. எல்லாக் குரலும் பின்னால் டப்பிங்கில்தான். அதனால் மின்விசிறி தன்பாட்டுக்குக் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நடிகை கீழே வேனில் உட்கார்ந்து தலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆள் போய் அவரைக் கூப்பிட்டாயிற்று. வந்துவிடுவார் என்று டைரக்டர் கேமராவை ஓடவிட்டார்.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வந்தது நடிகை இல்லை. அக்கா. அரை நாள் லீவு போட்டுவிட்டு, எங்களுக்காக ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில் டீயும் ஒரு பையில் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் அப்போது சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் கத்தவில்லை. ஓடவில்லை. அந்த முதுகைப் பார்த்துப் பேசினாளாம். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அவள் நிறுத்தியதும் வேன்காரர், வசனத்தை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, திரும்பாமல், தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். "நீ தூங்கு."

அக்கா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது. டைரக்டருக்கு அது ஆரம்பம்.

"ரைட்டர், படமே இதுதான்" என்றார், எடிட் செய்யும் அறையில் என்னை உட்காரவைத்து. "இந்த முகத்தை எந்த நடிகையாலயும் கொடுக்க முடியாது. உங்க அக்காகிட்ட நான் கால்ல விழுந்து கேக்குறேன். ஆனா என்ன பேசுறாங்க? ஃபேன் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்க வசனம் எழுதுங்க. உதட்டுக்கு ஒட்டணும்."

ஒலி இல்லாத படத்தில் என் அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. டப்பிங் வசனம் எழுதியவர்களுக்குத் தெரியும், உதடு மூடுகிற இடங்கள்தான் கணக்கு. ம, ப வருகிற இடத்தில் உதடு மூட வேண்டும், மற்றவற்றை எப்படியாவது சமாளித்துவிடலாம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்தவை:

"ஏங்க, எங்கிருந்து வந்தீங்க? யாரைத் தேடி வந்தீங்க?" ஒட்டியது. டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னை விட்டுடுங்க. இனிமே என் கதவைத் தட்டாதீங்க." நடுவில் உதடு மூட வேண்டிய இடத்தில் அவள் மூடவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்று தொடங்கும் ஒன்று. அவளுடைய முதல் சொல்லில் உதடு மூடவே இல்லை. அதனால்

இல்லை. இதற்கு மேல் சொன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். இவ்வளவு சொன்னதே அதிகம்.

என்னால் சரியாக எழுத முடியாமல் போனதற்குக் காரணம், அவள் உண்மையில் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியும் என்பதுதான். (சமையலறையில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டிய இடம் இது.)

7

இதுவரை எழுதிய தாள்களை ஒரு உறையில் போட்டு, அக்கா வீட்டுக் கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்தேன். தட்டவில்லை. அந்தக் கதவைத் தட்டும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. மருத்துவமனை எண். அவளுடைய வேலைக் குரல். "மதியம் ஒரு மணிக்கு பின்பக்க கேட்டுக்கு வா." வைத்துவிட்டாள். நோயாளிகளின் உறவினர்களுக்குக்கூட இதைவிடக் கனிவாகப் பேசுவாள்.

மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவள் மடியில் என் தாள்கள். சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தாள். மூன்று இடம்தான். முதலாவது, "யாரோ எங்கிருந்தோ ஒரு சட்டையை" என்ற வரி. பக்கத்தில் "யாரு?" என்று எழுதியிருந்தாள். இரண்டாவது, சமையலறை, டம்ளர். அதற்குப் பக்கத்தில் "பொய்." மூன்றாவது, ஐந்தாம் பகுதியின் கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்த ஒரு முழுப் பத்தி. அதைக் குறுக்கே அடித்திருந்தாள். அதனால்தான் உங்களுக்கு அது கிடைக்கவில்லை.

"அதை ஏன்க்கா அடிச்ச?"

"அதை என்கிட்ட சொல்லணும்டா. படிக்கிறவங்ககிட்ட இல்ல."

அவள் தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"அன்னைக்கு வெளிச்சம் அசைஞ்சுது" என்றாள். "என் முகத்துல. யாரு அசைச்சான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதை ஒழுங்கா எழுதிக் கொண்டா. அப்புறம் பேசலாம்."

8

ஒழுங்காக எழுதுகிறேன்.

சட்டையை எடுத்துக் கொடுத்தது நான். அக்காவின் அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்த வெளிர்நீலக் கட்டம் போட்ட சட்டை. அத்தானுடையது. மற்றதையெல்லாம் அவள் கொடுத்துவிட்டாள், அதை மட்டும் வைத்திருந்தாள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். வேறு சட்டை தேட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேன்காரர் போட்டுக்கொண்டு திரும்பி நின்றபோது தோள் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

நான் சமையலறையில் இல்லை. எங்களுடையது மாதிரிப் படங்களில் எழுதுகிறவன் சும்மா நிற்க முடியாது. என் கையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கொடுத்திருந்தார்கள். கதவு திறந்ததும் வெளியிலிருந்து வருகிற வெளிச்சத்தை வாங்கி, கதாநாயகியின் முகத்துக்குத் திருப்பி அனுப்புவது என் வேலை. கேமராவுக்கு முன்னால், சுவரோரம், கதவுக்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்றது நான்தான். அட்டைக்குப் பின்னால்.

சாவி திரும்பும்போதே அது அக்கா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பூட்டு இறுக்கமானது. சாவியை ஒரு தடவை பின்னால் இழுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். நடிகைக்கு அது தெரியாது. எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. "கட்" என்று கத்தியிருக்கலாம். அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். அட்டையைக் கீழே போட்டிருந்தாலே போதும்.

கதவு திறந்தது. அவள் நின்றாள். பையிலிருந்த ரொட்டி நசுங்கும் அளவுக்குக் கை இறுகியதைப் பார்த்தேன். முகத்தில் முதலில் பயம். அப்புறம் பயம் இல்லை. நாலு வருடமாக விழிப்பு வந்து கலைத்துப் போட்ட இடத்தை அவள் தாண்டிவிட்டாள். விழித்துத்தான் இருந்தாள், அதனால் இந்தத் தடவை யாரும் அவளை எழுப்ப முடியாது. பேச ஆரம்பித்தாள். தாழ்ந்த குரல். மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி எனக்கும் வேன்காரருக்கும் மட்டும் கேட்டது.

நான் அட்டையைக் கொஞ்சம் சாய்த்தேன். வெளிச்சம் அவள் கன்னத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. கண்ணில் விழட்டும் என்று சாய்த்தேன்.

அந்த ஒரு நிமிடம் நான் தம்பியாக இல்லை. நல்ல காட்சி ஒன்று கிடைத்துவிட்ட ஆளாக இருந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன்.

அவள் போன பிறகு வேன்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தம்மா அருமையா நடிச்சாங்க சார். வசனத்தை மாத்துனா முன்னாடியே சொல்லக் கூடாதா? எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார்.

9

அதே பெஞ்சு. அக்கா எட்டாம் பகுதியை இரண்டு தடவை படித்தாள். பேனாவைத் திறக்கவில்லை.

நான் கதையில் எழுதாததை அவளிடம் நேரில் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவள் டப்பாவைத் திறந்து தன் சாப்பாட்டில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"அந்த ஷாட்டை அழிக்கச் சொல்லவாக்கா? நீ சொன்னா இன்னைக்கே அழிச்சிடுவாங்க."

"அழிச்சா நடக்கலைன்னு ஆயிடுமா?" கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? அன்னையிலேர்ந்து அந்தக் கனவு வரல."

"நல்லதுதானேக்கா?"

"என்னமோ. தூங்குறேன்டா. அலாரம் அடிச்சாகூடக் கேக்க மாட்டேங்குது. எனக்குத் தெரியும், பதில் சொன்னது வேன் ஓட்டுறவர். சொல்ல வெச்சது நீ. அது அவரு வாயிலேர்ந்து வரல. எல்லாம் தெரிஞ்சும் தூக்கம் வருது." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "நீ எழுதிக் குடுத்த ஒரு வரியில நான் தூங்கிட்டு இருக்கேன். அது அவரை ஏமாத்துற மாதிரி இல்லையா?"

வசனம் எழுதிப் பிழைக்கிறவன், மூடியிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவளே கேட்டாள். "எனக்கு எழுதின வசனத்தை முழுசாக் காட்டு, பாக்கலாம்." காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். இருபத்திரண்டு நாளில் முதல் சிரிப்பு. "'எங்கிருந்து வந்தீங்க, யாரைத் தேடி வந்தீங்க.' நான் இப்படியாடா பேசுவேன்? சீரியல்ல வர்ற மருமக மாதிரி." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "என் வாய்க்கு வேற யாரும் குரல் குடுக்க வேணாம். உங்க டைரக்டர்கிட்ட சொல்லு. நானே வந்து பேசுறேன்."

"கதை?"

"எழுதிக்கோ. ஆனா நான் அன்னைக்கு என்ன பேசினேன்னு எழுதக் கூடாது. எனக்குப் பதிலா நீ ஒண்ணு இட்டுக்கட்டியும் எழுதக் கூடாது."

சரி என்றேன். ஆகவே, நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்றால், என்னை மன்னித்துவிடுங்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

10

டப்பிங் தியேட்டர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கண்ணாடி போட்ட இரண்டு சிறிய அறைகள். ஒன்றில் மைக்கும் ஒரு திரையும். இன்னொன்றில் சவுண்ட் இன்ஜினியரும் டைரக்டரும் நானும். நடுவில் கனமான கதவு. மூடிவிட்டால் உள்ளே வெடி வெடித்தாலும் நடைபாதையில் கேட்காது.

அக்கா மைக்குக்கு முன்னால் நின்றாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. திரையில் அவள் முகம் வந்தது. பார்த்தாள். காட்சி ஓடி முடிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. காட்சியின் கடைசியில் வேன்காரரின் குரல் மட்டும் ஒலித்தது. அவர் முந்தின வாரமே வந்து தன் ஒரு வரியைப் பேசிவிட்டுப் போயிருந்தார். "நீ தூங்கு." நல்ல குரல் அவருக்கு. அலட்டல் இல்லாத குரல்.

இரண்டாவது தடவை ஓட்டினார்கள். அவள் பேசவில்லை. டைரக்டர் நகத்தைக் கடித்தார்.

இன்ஜினியர் பொத்தானை அழுத்திக் கேட்டார். "மேடம், அந்த அண்ணன் குரல் உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா? நீங்க பேசி முடிச்சதும் அவர் குரல் வரணுமா, இல்ல அந்த வரியையே எடுத்துடவா? எடுத்துட்டா அந்த இடத்துல சும்மா அமைதிதான் இருக்கும். உங்க இஷ்டம்னு டைரக்டர் சொல்லிட்டார்."

அக்கா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தாள். இன்ஜினியரையா, என்னையா என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பதில் வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ரைட்டர், எங்க போறீங்க? இப்பதான் முக்கியமான" என்றார் டைரக்டர்.

நான் வெளியே வந்து அந்தக் கனமான கதவை எனக்குப் பின்னால் மூடினேன். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கதவில் காதை வைத்தால் கேட்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

11

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் சில இருக்கின்றன. வேன்காரர் குரலை அக்கா எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம், அத்தான் உண்மையில் பதில் சொல்லவில்லை என்பதற்காக. இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கலாம், தூக்கம் வேண்டும் என்பதற்காக. அன்றைக்குப் பேசியதையே பேசினாளோ, உதட்டுக்கு ஒட்டுகிற மாதிரி வேறு எதையோ பேசினாளோ, அல்லது மூன்றாவது தடவையும் சும்மா நின்றுவிட்டு வந்தாளோ. படம் வெளிவந்தால் நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இந்த இடத்தில் எழுத்தாளன் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து நின்று எல்லாவற்றையும் பார்த்து உங்களுக்குச் சொல்வான். அதுதான் வழக்கம். நான் ஒரு தடவை பார்த்தது போதும்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "வா, போலாம். பசிக்குது" என்றாள். டைரக்டர் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அப்புறம் சார்" என்று விடுவித்துக்கொண்டேன்.

பேருந்தில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். மதிய வெயில் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நிறுத்தம் போனதும் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாளா, சும்மா கண்ணை மூடியிருக்கிறாளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் இன்னும் இரண்டு டிக்கெட், கடைசி நிறுத்தம் வரைக்கும், என்று சைகையால் கேட்டேன்.